இடப்பக்க விளக்கு



எங்கள் மத்ரஸாவுக்கென்று ஒரு கார் உண்டு. மாருதி 800; 2003-ஆம் ஆண்டில் பதிவானது. கடல் கடந்து வணிகம் செய்யும் நம்மூர்க் குடும்பம் ஒன்று, புதிய வண்டி வாங்கிய வேளையில் பழையதை விற்றுவிடாமல் மத்ரஸாவின் பயன்பாட்டுக்கென வக்ஃபு செய்தது. 15 ஆண்டுகள் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. அவ்வாறே 2018-இலும் 2023-இலும் புதுப்பித்து ஓட்டி வருகிறோம். அரிசி மூட்டை ஏற்றி வருவதும், விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகளுக்கு இரவில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் கொண்டு செல்வதும் அதன் வேலைகள்.

உஸ்தாதுகள் மூவர் அதை மாறி மாறி ஓட்டுகிறோம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதுவது அந்த மூவரையும் சேர்த்தே. குறிப்பிட்ட அந்த இரவில் வண்டியை ஓட்டியவர் எவர் என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். மூவரில் எவர் ஓட்டியிருந்தாலும் அதுவே நடந்திருக்கும் என்பதால், பெயரைப் பிரித்து எழுத மனம் வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில், இடப்பக்கம் திரும்புவதற்கான சிக்னலைப் போட்டால் டேஷ்போர்டின் அடியிலிருந்து எழும் 'டிக், டிக்' ஒலி வழக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகக் கேட்கத் தொடங்கியது. வலப்பக்கம் போட்டால் பழைய நிதானம் மாறவில்லை. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் ஒருவன், "ஹஜ்ரத், காருக்கு மூச்சு வாங்குது" என்றான். சிரித்துக்கொண்டோம். எங்களுள் ஒருவர், "வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். மற்றொருவர், மழைநீர் எங்கோ இறங்கியிருக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர், மற்ற இருவருள் ஒருவர் பட்டறைக்குக் கொண்டு போவார் என்று பேசாமல் இருந்துவிட்டார். சரியாகச் சொன்னால், மூவருமே அந்த மூன்றாமவர்தாம். அது எங்களில் ஒருவருடைய சொந்த வண்டியாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே பட்டறைக்குப் போயிருக்கும். வக்ஃபுச் சொத்தின் ஒழுங்குகளைக் கிதாபு விரித்துப் பாடம் நடத்துபவர்கள் நாங்கள் என்பதையும் இங்கே எழுதிவிடுவது நேர்மை.

இரண்டு மாதங்கள் அவ்வாறே ஓட்டினோம்.

மார்கழியின் ஓர் இரவு. இஷாவுக்குப் பின், விடுதிப் பிள்ளை ஒருவனுக்குக் காய்ச்சல் ஏறியதால் ஆறுமுகநேரியில் மருத்துவரிடம் காட்டி, மருந்து வாங்கிக்கொண்டு காயல்பட்டினம் திரும்பிக் கொண்டிருந்தோம். உப்பளங்களைக் கடந்து வரும் காற்று அந்தச் சாலையில் எப்போதும் ஈரமாக முகத்தில் ஒட்டும். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோர் பச்சை உடுத்திச் சாலையோரம் நடந்து செல்லும் காலம் அது. ஆகவே மிக மெதுவாகவே வந்தோம். எங்கள் தெருவை நெருங்குமுன், போதிய தொலைவிலேயே, இடப்பக்க சிக்னலைப் போட்டோம். டேஷ்போர்டில் பச்சை அம்புக்குறி மின்னிற்று. விரைந்த அந்த ஒலியும் கேட்டது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை வளைத்த கணத்தில், பின்னாலிருந்து ஒரு டிவிஎஸ் மொபெட் எங்களுக்கும் சாலையோரத்துக்கும் இடையே நுழைந்தது. உலோகம் உரசும் ஓசை. அதன்பின் எதுவோ சிதறும் ஓசை.

இறங்கி ஓடினோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வண்டியோடு சாய்ந்து, ஒரு காலை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். பின்னால் கட்டியிருந்த பனங்கிழங்குக் கட்டுகள் அவிழ்ந்து தார்ச்சாலையெங்கும் கிடந்தன. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறிவு ஏதுமில்லை. முழங்காலில் சிராய்ப்பு, கைமூட்டில் சிறிது இரத்தம். மொபெட்டின் கண்ணாடி ஒன்று நொறுங்கியிருந்தது. அவரைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கிழங்குகளைப் பொறுக்கத் தொடங்கினோம். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"திரும்புததுக்கு முன்னால ஒரு சிக்னல் போடக் கூடாதா பாய்?" என்றார்.

"போட்டோமே அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அல்லாஹ் மேல ஆணையா போட்டோம். எம்புட்டு தூரத்துக்கு முன்னாலயே போட்டாச்சி."

அவர் எங்கள் தொப்பியையும் தாடியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்பம் என் கண்ணுதான் போச்சி போல" என்று சொல்லிவிட்டுக் கிழங்குக் கட்டைக் கயிற்றால் இறுக்கத் தொடங்கினார். மருத்துவரிடம் போகலாம் என்றோம், மறுத்தார். பெயரைக் கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. திருச்செந்தூர்த் திசையில், முன்னைவிட மெதுவாக, சாலையின் ஓரத்தை ஒட்டியே போனார்.

மத்ரஸா வாசலில் வண்டியை நிறுத்தியபோது சிக்னலை அணைக்கவில்லை. பதற்றத்தில் அதை மறந்திருந்தோம். காய்ச்சல்காரப் பிள்ளை போர்வையோடு இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றி வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"ஹஜ்ரத், மஞ்ச விளக்கு எரியல. செவப்பு விளக்குதான் கண் சிமிட்டுது."

போய்ப் பார்த்தோம். முன்பக்க இடது விளக்கு சுவரில் மஞ்சள் ஒளியை வீசி வீசி அணைந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் அந்த ஒளி துளியும் இல்லை. அதற்குப் பதிலாக, தொடர்ந்து எரிய வேண்டிய சிவப்பு வால்விளக்கு அணைந்தும் எரிந்தும் தடுமாறியது. ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்தார். இடப்பக்க விளக்குக்கூடு முழுவதும் மங்கிப் போயிற்று.

அறியாமல் செய்த சத்தியத்தின் சட்டம் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் நாங்கள். அந்தச் சட்டம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அன்றிரவு எங்கள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது, 'அப்பம் என் கண்ணுதான் போச்சி போல' என்ற அந்தச் சொல்தான். அடியார்களின் ஹக்கு என்று எழுதும்போது நம் மனத்தில் தோன்றுவது கடன், பாகப் பிரிவினை, புறம் பேசுதல் ஆகியவைதாம். இருபத்தொரு வாட் பல்பு ஒன்றும் அந்தப் பட்டியலில் சேரும் என்று அதுவரை நாங்கள் எண்ணியதில்லை.

மறுநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் நாங்களே பழுதைத் தேடத் தொடங்கினோம். விளக்கின் லென்ஸைப் பிடித்திருந்த திருகாணிகள் துருவேறி எளிதில் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுச் சற்றுக் காத்திருந்து கழற்றினோம். இண்டிகேட்டர் பல்பை உள்நோக்கி அழுத்தி இலேசாகத் திருப்பினால் வெளியே வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளிருக்கும் இழை அறுபடாமல் முழுமையாக இருந்தது. இருந்தும் புதிய பல்பு வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்ற அவசரத்தில் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்தால் அது பொருந்தவில்லை. பிரேக்குக்கும் வால்விளக்குக்கும் சேர்த்துப் பயன்படும் இரட்டை இழைப் பல்பு அது. அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும், பக்கவாட்டு முளைகளும் ஏற்ற இறக்கமாக இருக்கும். இண்டிகேட்டருக்கு வேண்டியது ஒற்றைப் புள்ளி உடையது. மாற்றி வாங்கி வந்து பொருத்தினோம். விளக்கு எரியவில்லை. பழையதை வலப்பக்கத்தில் பொருத்திப் பார்த்தோம். அங்கே அது நன்றாகவே எரிந்தது. அதாவது, குற்றமற்ற பல்பைக் குற்றவாளியாக்கியிருந்தோம். அந்த வரிசையில் அது இரண்டாவது.

வேறு வழியின்றி ஆறுமுகநேரியில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் போனோம். அறுபதைக் கடந்தவர். எங்கள் கதை முழுவதையும் கேட்டார். பல்பை மாற்றியதைச் சொன்னபோது மட்டும் இலேசாகச் சிரித்தார்.

"செவப்பு லைட்டு சிமிட்டுச்சின்னு சொன்னது யாரு?"

"விடுதிப் பையன்."

"அவன் சொன்னதுதான் ஹஜ்ரத் முக்காவாசி வேல. இனி மிச்சத்த நாம பாத்துக்கிடலாம்."

அவர் எங்களுக்கு விளக்கியதை, எங்களுக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறோம். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் கம்பி வழியாகப் பல்புக்கு வருகிறது. பல்பிலிருந்து திரும்பிச் செல்வதற்குத் தனிக் கம்பி பேட்டரி வரை கிடையாது. காரின் இரும்பு உடலே திரும்பும் வழி. ஒவ்வொரு விளக்குக்கூட்டிலிருந்தும் ஒரு குட்டைக் கம்பி புறப்பட்டு, அருகிலேயே ஒரு போல்ட்டின் மூலம் உடலோடு இணைந்திருக்கும். அதற்கு எர்த் என்று பெயர். வரும் வழி எவ்வளவு சீராக இருந்தாலும், திரும்பும் வழி அடைபட்டால் விளக்கு எரியாது. எங்கள் வண்டியில் இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, வால்விளக்கு மூன்றுக்கும் அந்தக் கூட்டில் ஒரே எர்த். அது துருவால் துண்டிக்கப்படவே, ஒரு விளக்கின் மின்னோட்டம் வெளியேற வழி தேடி அடுத்த விளக்கின் இழைக்குள் புகுந்து, அதன் கம்பி வழியே தலைகீழாகச் சென்று, வேறெங்கோ உள்ள விளக்கின் எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது. தன் வீட்டுக் கதவு திறக்காததால் அடுத்த வீட்டு முற்றத்தின் வழியே போவதைப் போல. சிக்னலைப் போட்டால் மஞ்சள் எரியாமல் சிவப்பு சிமிட்டியதற்குக் காரணம் அதுவே.

பேச்சோடு நிற்காமல் மெய்ப்பித்தும் காட்டினார். அவரிடம் இருந்தது விலையுயர்ந்த கருவி அன்று. ஒரு சிறு பல்பு, ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் கூரான கம்பி. டெஸ்ட் லேம்ப் என்பார்கள். கிளிப்பை டிக்கியில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்பில் மாட்டி, கூர்முனையைப் பல்பு ஹோல்டரின் நடுப்புள்ளியில் வைத்தார். சிக்னலைப் போடச் சொன்னார். சோதனை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. "வரவு சரி" என்றார். அடுத்து ஒரு முழக் கம்பியை எடுத்து, ஒரு முனையை ஹோல்டரின் தகட்டிலும் மறுமுனையை அதே இரும்பிலும் அழுத்திப் பிடித்தார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்தக் கணமே முன்னால் கேட்டுக்கொண்டிருந்த படபடப்பும் அடங்கி, 'டிக்… டிக்…' என்று பழைய நிதானத்துக்கு வந்தது.

அந்த ஒலியைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்களை அதிகம் வெட்கப்படச் செய்தது. விளக்கை எரித்து அணைப்பது ஃபிளாஷர் ரிலே என்னும் சிறு பெட்டி. முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு 21 வாட் பல்புகள். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து மூன்றரை. இவ்வளவு மின்னோட்டம் போனால் இத்தனை முறை சிமிட்ட வேண்டும் என்று அந்த ரிலேயை அமைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் என்பது பன்னாட்டு வாகன விதிகளில் உள்ள அளவு. ஒரு பல்பு எரியாமற்போனால் மின்னோட்டம் பாதியாகக் குறையும். அதை உணர்ந்தவுடன் ரிலே வேண்டுமென்றே விரைந்து சிமிட்டும். ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து பின்விளக்கைப் பார்க்க முடியாது. பச்சை அம்புக்குறியோ பின்விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் மின்னிக்கொண்டுதான் இருக்கும். எனவே காது வழியாக அவருக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு அது. மிகப் பழைய வண்டிகளில் இருந்த, சூடேறி வளையும் தகட்டைக் கொண்ட ரிலேக்கள் இவ்வாறு விரையாது. பல்பு ஒன்று போனால் பெரும்பாலும் சிமிட்டாமல் நின்றுவிடும். எங்களுடையது மின்னணு ரிலே. 'மூச்சு வாங்குது' என்று பிள்ளை சொன்ன அந்த ஒலி நோயன்று. நோயைச் சொல்ல வந்த தூது. இரண்டு மாதங்கள் அது எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

டிக்கியின் இடது மூலையில் விரிப்பைத் தூக்கினார். அடியில் ஈரம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் ஓரிடத்தில் கிழிந்து, மழைநீர் அவ்வழியே இறங்கியிருந்தது. எர்த் கம்பியின் வளையம், போல்ட், அதன் கீழுள்ள தகடு ஆகிய மூன்றும் பச்சையும் வெள்ளையுமான பொடியால் மூடிக் கிடந்தன. "நம்மூரு உப்புக் காத்து லேசுப்பட்டதா?" என்றார். இதில் வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. இருபது ஆண்டுக் கடற்காற்றும், கிழிந்த ரப்பரைக் கண்டும் காணாதிருந்த எங்கள் கண்களுமே காரணம். போல்ட்டைக் கழற்றினார். வளையத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வளையம் கோத்தார். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி போல் பளபளக்கச் செய்தார். உப்பால் வந்த கேட்டை உப்புத்தாளால் போக்குவதைக் கண்டு எங்களுள் இளையவர் புன்னகைத்தார். இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவி, கூடவே வலப்பக்க எர்த்தையும் கழற்றித் துடைத்தார். கேளாமலே செய்தார். "அது இன்னும் ஆறு மாசத்துல இதே மாதிரி போயிருக்கும்."

எல்.இ.டி. பல்பு போட்டுவிடலாமா என்று கேட்டோம்; பிரகாசமாக இருக்கும் என்று ஒரு மாணவனின் காக்கா சொல்லியிருந்தார். அண்ணாச்சி தலையசைத்தார். எல்.இ.டி. இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. பழைய ரிலே அதைக் கண்டு பல்பு போய்விட்டது என்று எண்ணி மறுபடியும் விரையத் தொடங்கும். ரிலேயையும் மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால், பொய் எச்சரிக்கையைக் கேட்டுக் கேட்டு மெய் எச்சரிக்கையும் காதில் ஏறாமற் போய்விடும் என்றார்.

வேறு வகைப் பழுதுகளையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டுக்கொண்டோம். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும். ஒருபக்கம் மட்டும் விரைந்தால் அந்தப் பக்கத்துப் பல்பையும் எர்த்தையும் பாருங்கள். இரு பக்கமும் செத்துக் கிடந்தால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. நான்கு விளக்குகளையும் ஒருசேர எரியவிடும் ஹஜார்டு சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. பல வண்டிகளில் இரண்டுக்கும் ரிலே ஒன்றுதான். அத்தகைய வண்டியில் ஹஜார்டு எரிந்து இண்டிகேட்டர் எரியாவிட்டால், பல்புகளும் ரிலேயும் நலம். ஸ்டியரிங்கின் அடியிலுள்ள சுவிட்சிலோ அதற்கு வரும் ஃபியூஸிலோ கோளாறு என்று பொருள். இரு பக்கமும் மிக மெதுவாகச் சிமிட்டினால் பேட்டரியின் வலிமையைச் சோதிக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று இருவராகச் செய்யுங்கள். நாங்கள் இரண்டு மாதம் செய்யத் தவறியது இந்த எளிய காரியத்தைத்தான்.

ஹஜார்டு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாற்சந்தியில் நேராகச் செல்வதற்கு நான்கு விளக்கையும் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இடப்புறம் நிற்பவருக்கு இடது விளக்கு மட்டுமே தெரியும். அவர் இடப்புறம் திரும்பப் போகிறீர்கள் என்றே கொள்வார். நேராகப் போகிறவருக்குச் சிக்னலே தேவையில்லை. ஆட்டோ ஓட்டுநர் காலை வெளியே நீட்டித் திரும்புவதை நாம் எள்ளுகிறோம். ஆனால் அந்தக் கால் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

பழுது தீர்ந்தது. ரப்பரையும் மாற்றினோம். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாயைத் தொடவில்லை. ஆனால் பனங்கிழங்குக்காரர் எஞ்சியிருந்தார்.

பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த இரவில் பாதையில் கிடந்த முள் நாங்கள்தாம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளிடம் சொன்னோம், மறுவாரப் பாடத்தில், ஒளிக்காமல். அதன்பின் அவரைத் தேடத் தொடங்கினோம். ஆறுமுகநேரிக் கடைத்தெருவில் கேட்டோம். வீரபாண்டியன்பட்டினத்தில் கேட்டோம். கிழங்குக் காலத்தில் மொபெட்டில் கிழங்கு விற்பவர் எத்தனையோ பேர். கண்ணாடி உடைந்த மொபெட் என்ற அடையாளமும் போதவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்தால் அவர் வேறு வேலைக்குப் போய்விடக்கூடும்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, பிற்பகலில், திருச்செந்தூருக்குச் சற்று முன்னால் சாலையோர வேப்பமர நிழலில் அவரைக் கண்டோம். சாக்கு விரித்துக் கட்டுகளை அடுக்கியிருந்தார். எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார், எழுந்து நின்றார். நாங்கள் ஏதோ குறை சொல்ல வந்திருப்பதாக நினைத்தார் போலும்.

"அண்ணாச்சி, அன்னைக்கு உங்க கண்ணு போகல. எங்க விளக்குதான் எரியல" என்றோம். "பின்னால எரியாம இருந்தது எங்களுக்குத் தெரியாது. தெரியாமயே ஆணையிட்டுச் சொல்லிட்டோம். மன்னிச்சிக்கிடணும்."

அவர் சிறிது நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு சாக்கின் மீது அமர்ந்தார்.

"நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன் பாய்."

எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

"பெரிய மனுசங்க ஆணையிட்டுச் சொல்லுதாங்களே, அப்பம் நமக்குத்தான் பார்வை மங்குதுன்னு நெனச்சேன். ஒரு நாள் யாவாரத்த விட்டுட்டுப் போனேன். சொட்டு மருந்து விட்டு, உக்கார வச்சி, பூராவும் பாத்துட்டு, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. ஆனாலும் எனக்கு நம்பிக்க வரல. பொழுது சாஞ்சா வண்டி ஓட்டுதது இல்ல. அஞ்சி மணிக்கே வீட்டுக்குப் போயிருதேன்."

கிழங்கு அதிகம் விற்பது மாலையில்தான் என்பது எங்களுக்குத் தெரியும். சீசனே இரண்டு மாதம். அதில் எத்தனை மாலைகள் என்று எங்களுள் ஒருவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டதாக எங்களிடம் சொன்னார்.

உடைந்த கண்ணாடிக்கும், இழந்த நாட்களுக்கும் எங்களால் இயன்றதைத் தனியே எடுத்து வந்திருந்தோம். மத்ரஸாப் பணமன்று, மூவரும் போட்டது. கண்ணாடிக்கு ஆன நூற்றிருபது ரூபாயை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை. "நான்தானே இடப்பக்கமா ஏறுனேன். அதுவும் தப்புதானே" என்றார். விடுதிப் பிள்ளைகளுக்கென்று நாற்பது கட்டுக் கிழங்கு கேட்டோம். கட்டுக்கு இன்ன விலை என்று சொன்னவர், ஒரு ரூபாய் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. டிக்கியைத் திறந்து அவரே அடுக்கித் தந்தார். புதிய ரப்பரைத் தடவிப் பார்த்தார்.

டிக்கியை மூடிவிட்டு நாங்கள் ஏறப் போனபோது, "இருங்க பாய்" என்றார்.

வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிப்போய், சாலையோரத்தில், மொபெட்டில் வரும்போது தலை இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் குனிந்து நின்றார். வெயில் கண்ணில் படாமல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"இடது பக்கம் போடுங்க."

போட்டோம்.

"எரியுது" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லாத் தெரியுது. பகல்லயே தெரியுது." பிறகு கையை அசைத்தார். "செரி, இப்பம் வலதப் போடுங்க."